பூந்தமல்லி மட்டும் பூட்டவில்லை

இதை நம்புங்கள் என்று யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. அதற்கான தெம்பு என்னிடம் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். என் லேப்டாப்பில் பதிவுகள் இருக்கின்றன. உத்தமன் அண்ணன் இருக்கிறார். அவரைக் கேட்டால் சொல்வார். ஒருவேளை சொல்லாமல் எழுந்து போனாலும் போய்விடுவார்.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, ஆளில்லாத ரோடு என்று மனம் ஓடும். இது நடந்தது ஆயுத பூஜை அன்று, மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரத்தில். வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கம்பெனியில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு. என் மடியில் ஒரு பொரிப் பொட்டலம்.

என் பெயர் எழில். மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில். தங்கியிருப்பது பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு வாடகை அறையில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மொழிபெயர்ப்பு நாவல் படிப்பேன். பெரும்பாலும் பனி விழுகிற நாடுகளின் நாவல்கள். ஆவடி ரோட்டுப் புழுதியில், பக்கத்து சீட் ஆள் தோளில் தூங்கி விழ, பனியில் வழி தப்பிய ஒரு தபால்காரனைப் பற்றிப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதில் ஒன்றில்தான் படித்தேன்: குளிரில் உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு கொதிப்பது போல இருக்குமாம். புழுக்கம் தாங்காமல் உடுப்பைக் கழற்றிவிடுவார்களாம். அன்று அதை அழகான வரி என்று நினைத்தேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி. அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி என்று நாலு கிடங்கு. கிடங்குக்கு ஒரு சர்வர். நாலுக்கும் ஒரே விதிகள். அம்பத்தூரில் ஒருமுறை எழுதினால் மற்ற மூன்றுக்கும் தானாகப் போய்ச் சேரும். திரையில் என்ன படம் இருக்க வேண்டும், ஸ்பீக்கர் பேசலாமா கூடாதா, பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், திறக்க பாஸ்வேர்டு போட வேண்டும். அலுப்பான வேலை. யாரும் நன்றி சொல்லாத வேலை. ஆனால் ஆடிட்டர் வரப்போகிறார். நாலு இடமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும். விதிப்படி இருந்தால் ரிப்போர்ட்டில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

மூன்று இருந்தது. பூந்தமல்லி இல்லை.

அங்கே மட்டும் திரை பூட்டுவதே இல்லை. பத்து நிமிடம் என்று எழுதுவேன். போய்ச் சேரும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பூஜ்யம் என்றிருக்கும். பூஜ்யம் என்றால் எப்போதும் பூட்டாதே என்று அர்த்தம். மறுபடி பத்து எழுதுவேன். மறுபடி பூஜ்யம். இரண்டு வாரம் இதே கதை. யார் மாற்றுகிறார்கள் என்று பதிவைப் பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் நுழையவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதன் மவுஸைப் பிடித்து, கையால் மாற்றியிருக்கிறார்கள்.

அடிக்கடி பாஸ்வேர்டு போடச் சோம்பல்பட்டு, கண்ட்ரோல் ரூம் ஆட்கள் செய்கிறார்கள் என்று நினைத்தேன். போனில் கேட்டேன். சத்தியமாக இல்லை என்றார்கள்.

என் டீம் லீடர் தேவிப்பிரியா அக்கா முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டார்.

"எழில், நாளைக்கு நேர்லயே போயிடு."

"நாளைக்கு ஆயுத பூஜைக்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். பூஜை போட்டுட்டா மறுநாள் வரைக்கும் எவனும் கம்ப்யூட்டரைத் தொட மாட்டான். தொடாமலே மாறுதுன்னா மெஷின் கோளாறு. மாறலைன்னா ஆளுங்க பண்ற வேலை. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும்."

நல்ல யோசனை.

"சனிக்கிழமை உனக்கு ஆறு மாசம் முடியுது. உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நான்தான் உள்ள போய்ப் பேசணும். நாலும் பச்சையா இருக்கற ரிப்போர்ட் இல்லாம நான் என்னத்தைப் பேசுறது?"

"சரிக்கா."

"தூங்கி வழியாத."

"சரிக்கா."

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குத்தம்பாக்கம் பக்கம் போகிற ஷேர் ஆட்டோ பிடித்தேன். கிடங்கின் வாசலில் லாரிகளைக் கழுவி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சக்கரங்களில்கூட சந்தனம். மதியப் பூஜை முடிந்திருந்தது. கற்பூர வாசனையும் டீசல் வாசனையும் ஒன்றாக அடித்தன.

கண்ட்ரோல் ரூமைப் பார்த்துக்கொள்பவர் உத்தமன். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். கையில் பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"இன்னாமா, லீவு நாள்ல கூட வுட மாட்டானுங்களா உன்ன?"

"ஆடிட் அண்ணா."

"ஆடிட்டு..." ஏதோ காய்ச்சலின் பெயரைக் கேட்டது போலத் தலையாட்டினார். "செருப்ப அங்கயே வுட்டுட்டு வா. இந்தா, பொரி துன்னு."

கண்ட்ரோல் ரூம் என்றால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். சின்ன இடம் என்பதால் சர்வரும் அதுதான், அவர்கள் பார்க்கிற கம்ப்யூட்டரும் அதுதான். திரையில் நாலு குளிர் அறைகளின் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. அறை 1, 2, 3 பழம். அறை 4 ஐஸ்கிரீம், மைனஸ் 18. மேஜைக்கு எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் நீளமான நடை. நடையில் நாலு கனத்த கதவுகள்.

கீபோர்டின் மேல் சாமந்தி மாலையை மடித்து வைத்திருந்தார்கள். மவுஸுக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒற்றைச் சாமந்திப் பூ. ஏசிக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அறை வெந்தது.

நான் நாற்காலியில் உட்காரப் போனேன்.

"ஐய, தொடாதமா. நாளைக்கு காலைல பூச எடுத்தப்பறம்தான் கை வெக்கணும். நீ இன்னா பண்றதுன்னாலும் உன் லேப்டாப்புல பண்ணிக்க."

"அதுக்குள்ள இங்க ஏதாவது பார்க்கணும்னா?"

"பாக்கறதுக்கு கண்ணு போதும்ல. எதுக்கு கை?" பொரியை வாயில் போட்டுக்கொண்டு திரையைக் காட்டினார். "எவனாச்சும் உள்ள மாட்டிக்கினா கதவாண்ட ஒரு செவப்பு பட்டன் கீது. அத அமுக்குனா இங்க செவப்பு கட்டம் வரும். அறை நாலு, ஆள் உள்ளேன்னு. அவ்ளோதான்."

"சத்தம் வராதா?"

"வெளிய சைரன் இருந்துச்சு. எலி கடிச்சி ஒயரு பூட்ச்சி. ஸ்பேரு வந்துகினே கீது, ஆறு மாசமா." சிரித்தார். "இந்த டப்பால ஸ்பீக்கர ஆஃப் பண்ணதே உங்க ஆளுங்கதான்."

அது உண்மை. விதிகளில் அதுவும் ஒன்று.

அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, லேப்டாப்பை சர்வரோடு ஒரு கேபிளால் இணைத்தேன். கம்ப்யூட்டரை யாரும் தொடாமல் எத்தனை நிமிடம் ஆகிறது என்று என் திரையில் ஓர் எண் காட்டும். பூஜை முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நூறுக்கு மேல் இருக்க வேண்டும்.

3 என்று இருந்தது.

பூ விழுந்து மவுஸ் அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விதி வழக்கம்போல பூஜ்யத்தில் கிடந்தது. பத்து என்று எழுதினேன். பொரியைக் கொறித்தபடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4... 5... 6... கண் இழுத்தது. 7... 8... 9...

0.

நிமிர்ந்தேன். மேஜையில் எதுவும் மாறவில்லை. பூ அப்படியே இருந்தது. மாலை அப்படியே இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். அந்த வெக்கையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க வேண்டும். கீபோர்டில் வைத்தது காய்ந்திருந்தது. மவுஸில் வைத்தது காயவில்லை. ஈரமாக மின்னியது. மவுஸின் மேல் முழுக்க முத்து முத்தாக நீர்... ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வேர்ப்பது போல.

குங்குமம் கரைந்து ஓரமாக வழிந்திருந்தது.

அப்போது திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

நான் தொடவில்லை. என் கைகள் என் மடியில் இருந்தன. மவுஸும் மேஜையில் அசையவில்லை. அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. வேகமாக இல்லை. மெதுவாக. நடுங்கிக்கொண்டே. விதிகளை மாற்றுகிற செட்டிங்ஸ் ஜன்னலைத் திறக்கப் போய் தவறி வேறு இடத்தைத் தொட்டது. திரும்பி வந்தது. மறுபடி தவறியது. விரல் மரத்துப்போனவர்கள் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. மூன்றாவது முறை ஜன்னல் திறந்தது. பத்து போனது. பூஜ்யம் வந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது.

யாரோ ஒரு விஷமக்காரன் வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறான். எனக்கு வந்த முதல் எண்ணம் அதுதான். வெளியுலகத்துக்குப் போகிற கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். இப்போது அந்த சர்வருக்கு என் லேப்டாப்பைத் தவிர யாரும் இல்லை. பத்து என்று எழுதினேன்.

அம்புக்குறி வந்தது. நடுங்கியது. பூஜ்யம்.

தேவிப்பிரியா அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தைகள் சத்தம். அவர் வீட்டில் விருந்தாளிகள்.

"யாரும் தொடலைக்கா. தானா மாறுது."

"அப்ப மெஷின்தான். மேல இருந்து இறுக்கி எழுது. அங்க இருந்து யாரும் மாத்தவே முடியாதபடி. அந்த ஒரு டிக்கை ஏன் இன்னும் போடாம வச்சிருக்க?"

போட்டேன். அந்தக் கட்டம் சாம்பல் நிறமானது. இனி அதில் எதுவும் எழுத முடியாது.

அம்புக்குறி வந்தது. சாம்பல் கட்டத்தின் மேல் நின்றது. சொடுக்கியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சொடுக்கியது. மறுபடி. மறுபடி. மவுஸிலிருந்து அந்தச் சின்ன ஒலி... டிக்... டிக்... டிக்... மவுஸின் மேல் இருந்தது ஒற்றைப் பூ மட்டும்தான்.

பிறகு நின்றது.

யாரோ களைத்துப்போய்க் கையை எடுத்துக்கொண்டது போல இருந்தது. எனக்குப் பயத்தைவிட அலுப்புதான் அதிகம் வந்தது என்றால் சிரிப்பீர்கள். இரண்டு வாரத் தூக்கமின்மை அப்படித்தான் செய்யும். சரி, முடிந்தது, பத்து நிமிடத்தில் பூட்டிவிடும், வீட்டுக்குப் போகலாம் என்றுதான் தோன்றியது.

எண் ஏறியது. 7... 8... 9...

அம்புக்குறி இடப்பக்கம் கொஞ்சம் போனது. வலப்பக்கம் கொஞ்சம் வந்தது. அவ்வளவுதான்.

0.

ஒன்பது நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தேன். அதே அசைவு. இடம். வலம். 0.

"அக்கா, இப்ப விதி மாறல. ஆனா பூட்ட மாட்டேங்குது. ஒன்பதாவது நிமிஷம் மவுஸ் ஆடுது."

"மவுஸ் சென்சார் போயிருக்கும். பிடுங்கிப் போடு."

சென்சார் போன மவுஸ் எப்படி ஜன்னலைத் திறந்து பூஜ்யம் போடும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை முடியாது.

பூஜை போட்ட மவுஸைத் தொடாமல், கம்ப்யூட்டரின் பின்பக்கம் கை விட்டு அதன் ஒயரை மட்டும் உருவினேன். பிளக் மேஜைக்குக் கீழே தொங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். 1... 2... 3...

ஆறாவது நிமிடம் கதவு திறந்தது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. தமிழரசு. கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

"மேடம், மேனேஜரு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் எடுத்தார சொன்னாரு. உனுக்கு கப்பா குச்சியா?"

"கப்."

"மாம்பழமா சாக்லேட்டா?"

"எதுனாலும் சரி."

"எதுனாலும் சரின்னு ஒரு ஐட்டம் அங்க இல்லயே மேடம்."

"மாம்பழம்."

"அப்டி சொல்லு."

"கோட் போட்டுக்கலையா?"

"ரெண்டு நிமிஷ வேலைக்கு அந்த மெத்தைய எவன் மாட்டிக்கினு போறது?"

போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாலாவது கதவு திறந்து வெள்ளைப் புகை தரையோடு வழிந்தது. என் நாவல்களில் வருகிற பனி இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தேன். கதவு மூடிக்கொண்டது. திரையில் அறை 4, மைனஸ் 17.2 என்று ஏறியிருந்தது.

8... 9...

அம்புக்குறி அசையவில்லை.

10.

திரை கறுத்தது. பூட்டிக்கொண்டது.

பிடுங்கிய கேபிளைச் சுவரில் செருகி ரிப்போர்ட்டை ஓட்டினேன். அம்பத்தூர் பச்சை. ஆவடி பச்சை. திருவேற்காடு பச்சை. பூந்தமல்லி... பச்சை. அப்படியே படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். சனிக்கிழமையைப் பற்றி நினைத்தேன். வேலை நிரந்தரமானால் வார இறுதியில் நாள் முழுக்கத் தூங்க வேண்டும் என்று நினைத்தேன்.

எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது.

சர்ர்...

பிளாஸ்டிக் மரத்தில் தேய்கிற ஒலி.

சர்ர்... சர்ர்...

கண்ணைத் திறந்தேன்.

மவுஸ் ஆடிக்கொண்டிருந்தது.

திரையில் அம்புக்குறி இல்லை. திரை கறுப்பு. ஆடியது மவுஸேதான். மேஜையின் மேல். இடம்... வலம்... இடம்... வலம்...

அதன் ஒயர் கீழே தொங்கியது. பிளக் எதிலும் இல்லை. அதுவும் கூடவே ஆடியது.

பூ விழுந்தது.

வேகம் கூடியது. சர்ர் சர்ர் சர்ர். மேஜையில் தண்ணீர் கோடு கோடாகத் தெறித்தது. இது விளையாட்டு இல்லை... கோபமும் இல்லை. யாரோ பதறுகிறார்கள்.

என் கைப்பக்கம் காற்று சில்லிட்டது.

ஓடினேன்.

முற்றத்தில் ஏழெட்டுப் பேர் பொரி தின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கம்பெனிப் பாட்டு காதைக் கிழித்தது. உத்தமன் அண்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா... மவுஸ் ஆடுது."

ஒருவன் சிரித்தான். "எலி ஆடுதா மேடம்?" இன்னும் இருவர் சிரித்தார்கள்.

உத்தமன் அண்ணன் சிரிக்கவில்லை. வாயில் இருந்த பொரியை மெல்லவும் இல்லை. எப்படி ஆடுகிறது, ஏன் ஆடுகிறது என்று எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஸ்கிரீனு பூட்டிக்கிச்சா?"

"ஆமா."

அவர் முகம் சாம்பலாகிவிட்டது. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தமிழு எங்கடா?"

ஆளுக்கு ஆள் பின்னால் திரும்பித் தேடினார்கள்.

பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்போடு உள்ளே ஓடினார். கீபோர்டின் மேலிருந்த மாலையை ஒரே இழுப்பில் அறுத்து எறிந்தார். சாமந்திகள் சிதறின. பாஸ்வேர்டு ஒருமுறை தப்பாகப் போனது. இரண்டாவது முறை திரை திறந்தது.

சிவப்பு.

கட்டத்தின் மேல் கட்டம், அதன் மேல் கட்டம். திரை முழுக்க ஒரே வரி. அறை 4 — ஆள் உள்ளே. அறை 4 — ஆள் உள்ளே.

நாலாவது கதவின் பிடி உள்பக்கம் பனி இறுகி நின்றுபோயிருந்தது. கடப்பாரை போட்டுத்தான் திறந்தார்கள். தமிழரசு கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். கண் திறந்திருந்தது. ஒரு கை இன்னும் பட்டனில் இருந்தது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மடியில் ஒரு மாம்பழக் கப்.

போர்வை, சாக்கு, லாரி தார்ப்பாய், கிடைத்ததையெல்லாம் சுற்றி வெயிலில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் ஆம்புலன்சுக்கு போன் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பான டீ கொடுத்தார்கள். பல் அடித்துக்கொள்வது குறைந்ததும் அவன் கேட்ட முதல் வார்த்தை:

"பெரியவரு வந்துட்டாரா?"

"எந்தப் பெரியவரு?"

"உள்ள இருந்தாரே. கோட்டும் இல்ல, சட்டையும் இல்ல. நான் நடுங்கிக்கினு கீறேன், அவரு வேர்க்குதுடா தம்பின்றாரு." நிறுத்தி மூச்சு வாங்கினான். "கைய எடுக்காம அமுக்கிக்கினே இரு, நான் போயி ஸ்கிரீன பாத்துக்கறேன்னு சொல்லிட்டு போனாரு."

"எப்டிறா போனாரு?" என்றார் ஒருவர். "கதவுதான் தெறக்கலியே."

தமிழரசு நடையில் திறந்து கிடந்த நாலாவது கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிரில் மூளை இப்படித்தான் பிதற்றும் என்றார் மேனேஜர். ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

என்னை ஷேர் ஆட்டோ ஏற்றிவிட உத்தமன் அண்ணன் கூட வந்தார். ஆட்டோ வரவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பச்சையப்பன்னு ஒருத்தரு. எனுக்கு முன்ன அந்த சேருல அவருதான். அந்த லாக்கு வந்த புதுசுல அவருக்கு புடிக்கவே இல்ல. பூட்டிக்கினா ரூம எப்டிடா பாக்கறதுன்னு சண்ட போட்டாரு. எவனும் கேக்கல. அதுனால ஒம்போது நிமிஷத்துக்கு ஒருவாட்டி மவுச ஆட்டுவாரு. துன்னுகினு இருப்பாரு, பேசிக்கினு இருப்பாரு. கை மட்டும் தானா போயி ஆட்டிட்டு வரும்."

கையை இடம், வலம் என்று ஆட்டிக் காட்டினார்.

"மூணு வருசம் முன்ன இதே பூச. மாலைய வெச்சதே அவருதான். யாரும் தொடக்கூடாதுன்னு என்கிட்ட சொல்லிட்டு, பசங்களுக்கு ஐஸ்கிரீம் எடுக்க நாலாம் நம்பருக்கு போனாரு. அப்ப வெளிய சைரனே கெடையாது, அப்பறம்தான் மாட்டுனாங்க. நான் அந்த ஸ்கிரீனு பக்கத்துலயே உக்காந்து பொரி துன்னேன். அது பூட்டிக்கிச்சு. தொடக்கூடாதேன்னு வுட்டுட்டேன். லீவு நாளாச்சே, அவரு பின் கேட்டு வழியா ஊட்டுக்கு பூட்டாருன்னு நெனச்சி எல்லாரும் கெளம்பிட்டோம்."

ஒரு லாரி போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"காலைல வந்து கற்பூரம் காட்டி, மாலைய எடுத்துட்டு, நான்தான் மவுச ஆட்டுனேன். ஸ்கிரீனு தெறந்துச்சு. முழுக்க செவப்பு. ராத்திரி ஒண்ணரை வரைக்கும் அமுக்கிக்கினு இருந்துகீறாரு."

"அண்ணா... அவர் சட்டை..."

"கழட்டி, மடிச்சி, பக்கத்துல வெச்சிருந்தாரு." என்னைப் பார்க்காமலே சொன்னார். "தமிழுக்கு இது எதுவும் தெரியாதுமா. இங்க யாரும் அந்தப் பேர எடுக்கறது இல்ல."

"அதுக்கு அப்புறம் அந்த லாக்கை எடுத்துட்டாங்களா?"

"எடுக்க சொன்னோம். எடுத்துட்டோம்னாங்க. அப்பறம் அது பூட்டவே இல்ல. எடுத்துட்டாங்கன்னுதான் நெனச்சிகினு கீறோம்."

எடுக்கவில்லை. மூன்று வருடப் பதிவையும் பிறகு தேடிப் பார்த்தேன். அந்த விதியை யாரும் எடுக்கவே இல்லை.

அன்று அறைக்கு வந்து உடை மாற்றாமல் படுத்துவிட்டேன். அசதியில் ஒன்றை மறந்துபோனேன். பூந்தமல்லிக்கு நான் இறுக்கி எழுதிய விதி அப்படியே இருந்தது.

காலை ஆறரைக்கு உத்தமன் அண்ணனின் போன்.

"தமிழு கண்ண தெறந்து பேசறான். பயம் இல்ல. ஏமா, மவுச நீ திரும்ப சொருவிட்டா போன?"

"இல்லண்ணா. தொங்கிக்கிட்டுதான் இருக்கும்."

"தொங்கிக்கினுதான் கீது. ஆனா ஸ்கிரீனு பூட்டல. நேத்து நாங்க தெறந்தது அப்டியே கீது." நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. "கீபோர்டு மேல தண்ணி நிக்குதுமா."

படுக்கையிலிருந்தபடியே லேப்டாப்பைத் திறந்தேன். இரவுப் பதிவு. 9, 0. 9, 0. 9, 0. விடிய விடிய, ஒரு முறைகூடத் தவறாமல்.

எழுந்து உட்கார்ந்து பூந்தமல்லிக்கான விதியை நீக்கினேன். பூட்டாதே. ஸ்பீக்கர் பேசலாம். பிறகு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 7... 8... 9... 10. இந்த முறை நான் எதையும் பிடுங்காமலே, யாரும் அசைக்காமலே பத்தைத் தாண்டியது. 11... 15... நாற்பது வரை பார்த்தேன். அதன்பின் நானும் தூங்கிவிட்டேன்.

ஆடிட்டருக்குப் போன ரிப்போர்ட்டில் மூன்று பச்சை, ஒரு சிவப்பு. காரணம் எழுதும் இடத்தில், இந்தத் திரையை எப்போதும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதினேன். என்னை நிரந்தரமாக்கவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். தேவிப்பிரியா அக்கா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பூந்தமல்லியில் புதிய சைரன் மாட்டியிருக்கிறார்கள். அங்கே இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை.

இதை இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது.

காலையில் வந்த ரிப்போர்ட்டில் ஆவடி சிவப்பாக இருந்தது. பத்து என்று எழுதினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். பூஜ்யம்.

ஆவடிக் கிடங்கில் ஐந்து அறைகள். சைரன் வேலை செய்கிறதா என்று கேட்க அங்கே மூன்று முறை போன் செய்துவிட்டேன்.

இன்னும் யாரும் எடுக்கவில்லை.